கரும்பு வெயிலைச் சமாளிக்கிற விதம்

பரமத்திவேலூர் பக்கம் ராஜவாய்க்கால் பாசனத்துல, வரப்புக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் கரும்பு நிக்கும். ரெண்டும் புல் குடும்பம்தான். அதே வெயில், அதே தண்ணி. ஆனா உச்சி வெயில்ல இலைக்குள்ள நடக்கிற ஒளிச்சேர்க்கை வேற வேற. அது எப்படித் தெரிய வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிச்சு சர்க்கரை வேலையை ஆரம்பிச்சு வைக்கிறது ரூபிஸ்கோங்கிற என்சைம். அதுல ஒரு பழைய பக் இருக்கு. சில சமயம் ஆள் மாறி ஆக்ஸிஜனைப் பிடிச்சிடும். அதைச் சரிக்கட்ட, செடி ஏற்கெனவே சேர்த்த கார்பன்ல கொஞ்சத்தை இழக்கணும். சூடு ஏற ஏற இந்தத் தப்பு கூடும். நெல் அடிவாங்குறது இங்கதான்.

செடி கார்பனை முதல்ல மூணு கார்பன் உள்ள பொருளா மாத்துதுன்னு கண்டுபிடிச்ச மெல்வின் கால்வினுக்கு 1961ல நோபல் பரிசு கிடைச்சது. ஆனா ஹவாய்ல ஹ்யூகோ கோர்ட்ஷாக் குழு, கதிரியக்கக் கார்பனைக் கரும்பு இலைக்குக் கொடுத்துப் பார்த்தப்போ முதல்ல வந்தது நாலு கார்பன் அமிலம்! 1965ல அதை வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல ஹாட்ச், ஸ்லாக் ரெண்டு பேரும் அந்த வழியை விளக்கினாங்க. அதுக்குப் பேர்தான் சி4.

கரும்பு அந்த பக்கைத் திருத்தல, ஒரு ஒர்க்கரவுண்ட் போட்டிருக்கு. இலையோட வெளி செல்கள்ல, ஆக்ஸிஜன் பக்கமே போகாத வேற ஒரு என்சைம் கார்பனைப் பிடிக்கும். அது அமிலமா மாறி, நரம்பைச் சுத்தியிருக்கிற செல்களுக்குப் போகும். அங்க கார்பன் டை ஆக்ஸைடு திரும்ப வெளியே வந்து அடர்த்தியா நிறையும். ரூபிஸ்கோ இருக்கிறது அங்கதான், அதனால தப்பு ரொம்பக் குறைஞ்சிடும். இதுக்குக் கூடுதல் எனர்ஜி செலவாகும். குளிர் ஊர்ல அது கட்டுப்படியாகாது, நம்ம வெயிலுக்குக் கட்டும்.

இதெல்லாம் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1912ல கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு. அங்க பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டு நாணலோட கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினாங்க.

அப்போ கரும்புக்குத் தண்ணி கம்மியாப் போதுமா? இல்ல. ஒரு கிலோ வளர்ச்சிக்கு சி4 செடி குறைவாத்தான் குடிக்கும். ஆனா கரும்பு பத்துப் பன்னெண்டு மாசம் நிலத்துல நிக்குதே, மொத்தக் கணக்கு எகிறிடும். இதே சி4 வழி சோளம், கம்பு, கேழ்வரகுலயும் இருக்கு. அதெல்லாம் ஏறக்குறைய நாலு மாசத்துல அறுவடைக்கு வந்திடும். மேட்டூர் அணையில தண்ணி குறையிற வருஷம், சேலம், நாமக்கல் விவசாயிக்கு இந்தக் கணக்குதான் முக்கியம்.