உயர்சுழலச்சுச் சட்டகம்: ஒரு மிதிவண்டியின் வரலாற்றை எழுத வேண்டியவர் யார்?

மலைப்பாதை மிதிவண்டியின் பின்சக்கரம் ஒரு கல்லின் விளிம்பில் மோதும்போது அச்சக்கரம் எந்தத் திசையில் விலக வேண்டும்? வடிவியல் பாடத்துக்குரிய கேள்வியாகத் தோன்றும் இதற்குக் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலவகை விடைகள் சொல்லப்பட்டு, கைவிடப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 'ஹை பிவட்' எனப்படும் உயர்சுழலச்சுச் சட்டகம். 1990களில் தோன்றிய இவ்வமைப்பு, நெடுங்காலம் ஓரத்தில் கிடந்து, 2015க்குப் பின் பந்தயத்திலும் 2019க்குப் பின் சாதாரண ஓட்டுநர்களின் வீடுகளிலும் இடம்பிடித்தது. அதன் வரலாற்றை எவருடைய சான்றுகளைக் கொண்டு எழுதுவது என்பது தொழில்நுட்ப வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா.

முதலில் அமைப்பு. சஸ்பென்ஷன் உள்ள மிதிவண்டியில் பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கை, முன்சட்டகத்துடன் ஒரு சுழலச்சில் இணைகிறது. அவ்வச்சு மிதிக்கட்டையின் அச்சுக்குச் சற்று மேலே, பின்சக்கர அச்சின் உயரத்தை ஒட்டி இருந்தால், சக்கரம் ஏறக்குறைய நேராக மேலெழுந்து, பின்னர் முன்னோக்கி வளையும். அச்சைச் சக்கர அச்சினும் கணிசமாக உயர்த்தினால், சக்கரம் மேலெழும்போதே பின்னோக்கியும் நகரும். கல்லின் விசை மேல்நோக்கி மட்டுமன்றிப் பின்னோக்கியும் தள்ளுவதால், அத்தள்ளலுக்கு இசைந்து விலகும் சக்கரம் வேகத்தைக் குறைவாகவே இழக்கிறது. இதுவே இவ்வடிவத்தின் அடிப்படை வாதம்.

ஆனால் சக்கரம் பின்னோக்கிச் செல்லும்போது அதற்கும் மிதிக்கட்டைக்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. இவ்விரண்டையும் இணைப்பது சங்கிலி, அது நீளாது. ஆகவே சங்கிலி இழுபட்டு மிதிகளைப் பின்னோக்கித் திருப்பும். ஒவ்வொரு கல்லுக்கும் ஓட்டுநரின் கால்களில் ஓர் உதை விழும். உயர்சுழலச்சின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களின் வரலாறே.

மலைப்பாதை மிதிவண்டி எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததன்று. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பழைய, கனத்த மிதிவண்டிகளை மலைச்சாலைகளில் இறக்கி ஓட்டிய இளைஞர்கள் 1976 அக்டோபர் 21 அன்று தம் முதல் முறையான பந்தயத்தை நடத்தினர். அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்த கதையே பராமரிப்பின் கதைதான். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, அச்சுக்குடத்தின் கிரீஸ் ஆவியாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பிரித்துப் புதிய கிரீஸை நிரப்ப வேண்டும். அந்த வேலையின் பெயரே பாதைக்கு ஆயிற்று. 1977இல் ஜோ ப்ரீஸ் இப்பயன்பாட்டுக்கென்றே புதிய சட்டகத்தைக் கட்டினார். டாம் ரிச்சி, கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலியோர் அதை வணிகமாக்கினர். இங்கு ஓட்டியவரும் பழுதுபார்த்தவரும் வடிவமைத்தவரும் பெரும்பாலும் ஒருவரே. கிறிஸ்டியன் லூத்யே, கொர்னேலியுஸ் ஹெர்ஸ்டாட், எரிக் வான் ஹிப்பெல் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதையே வலியுறுத்துகிறது: மலைப்பாதை மிதிவண்டியில் புதுமை செய்த பயனர்கள் தம் சொந்தத் தேவையிலிருந்தும் தம்மிடம் ஏற்கெனவே இருந்த கைத்திறனிலிருந்துமே அதைச் செய்தனர்.

1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் முன்சக்கரத்துக்கான சஸ்பென்ஷனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்சக்கரம் அதைவிடக் கடினமான சிக்கல். ஏனெனில் அங்கே சங்கிலி உண்டு. மோட்டார் சைக்கிள் துறையிலிருந்து வந்த ஆஸ்திரியரான ஹோர்ஸ்ட் லைட்னரின் வாழ்க்கை இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. 1980களில் அவர் உருவாக்கிய ஏடிகே மோட்டார் சைக்கிள்களில், சங்கிலியின் இழுவிசை சஸ்பென்ஷனைப் பாதிக்காதவாறு உருளைகளின் வழியே அதைத் திசைதிருப்பும் அமைப்பு இருந்தது. பின்னர் மிதிவண்டிக்கு வந்தபோது அவர் வேறு வழியை நாடினார்: பின்சக்கர அச்சுக்கு முன்னால் மற்றொரு சுழலச்சை வைக்கும் 'ஹோர்ஸ்ட் லிங்க்'. அதன் காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வாங்கியது. சங்கிலியை உருளையால் திருப்பும் எண்ணமோ மிதிவண்டி உலகில் வேறு கைகளுக்காகக் காத்திருந்தது.

உயரமான அச்சை முதலில் பரவலாக்கியவை 1990களின் நடுப்பகுதியில் வந்த ஒருங்கிணைந்த பின்முக்கோணச் சட்டகங்கள். டிரெக் நிறுவனத்தின் 'ஒய்' வடிவ மிதிவண்டி அவற்றுள் புகழ்பெற்றது. இவற்றில் மிதிக்கட்டையே பின்கையில் பொருத்தப்பட்டது. மிதியும் சக்கரமும் ஒரே துண்டில் இருந்ததால் சங்கிலி இழுபடவே வாய்ப்பில்லை. தாளில் இது நிறைவான தீர்வு. ஆனால் இறக்கத்தில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து மிதிகளின்மேல் நிற்கிறார். அப்போது அவருடைய எடை முழுவதும் பின்கையின்மேல் விழ, சஸ்பென்ஷன் இறுகியது. அது மிகத் தேவைப்பட்ட நேரத்தில் செயலற்றுப் போயிற்று. ஒரு பத்தாண்டுக்குள் இவ்வமைப்பு சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

இரண்டாவது வழி, சங்கிலியை இடையில் ஒரு துணைப் பற்சக்கரத்தின்மேல் ஏற்றிச் சுழலச்சின் அருகே கொண்டுசெல்வது. 'ஐட்லர்' எனப்படும் அச்சக்கரம் இருந்தால், சங்கிலியின் இழுபடும் மேற்பகுதி அதற்கும் பின்பற்சக்கரத்துக்கும் இடையில் ஏறக்குறைய மாறாத நீளத்தில் நிற்கும்; கால்களில் உதை குறையும். நியூயார்க்கின் புரூக்லின் மெஷின் வொர்க்ஸ், இரண்டு சங்கிலிகளும் ஓர் இடையச்சும் கொண்டு இதைச் சாதித்தது. கியூபெக்கின் பால்ஃபா நிறுவனம் தன் பிபி7 சட்டகத்தில் ஐட்லரைப் பயன்படுத்தியது. இரண்டும் இறக்கப் பந்தயத்துக்கானவை, கனமானவை, சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டவை.

அவ்வெண்ணம் ஏன் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பியது? விடையின் ஒரு பகுதி சட்டகத்துக்கு வெளியே உள்ளது. 2012இல் ஸ்ராம் நிறுவனம் முன்புறம் ஒரே பற்சக்கரமும் பின்புறம் பதினொன்றும் கொண்ட எக்ஸ்எக்ஸ்1 அமைப்பை வெளியிட்டது. முன்புறத்தில் சங்கிலியை இடம் மாற்றும் கருவி தேவையற்றதாகி நீங்கியது. ஐட்லர் நிற்க வேண்டிய இடம் காலியாயிற்று. சங்கிலியின் கோடும் எளிமையானது. பின்புறக் கியர்மாற்றியில் சங்கிலி துள்ளாமல் பிடிக்கும் கிளட்சும் அக்காலத்திலேயே பரவியது. தொடர்பற்றதாகத் தோன்றிய ஒரு மாற்றம், கைவிடப்பட்ட வடிவத்துக்கு மீண்டும் கதவைத் திறந்தது.

2015இல் அண்டோராவின் கொமென்சால் நிறுவனம் உயர்சுழலச்சும் ஐட்லரும் கொண்ட சுப்ரீம் டிஎச் மிதிவண்டியை அறிமுகப்படுத்தியது. 2018இல் அந்நிறுவனத்தின் அணியைச் சேர்ந்த பிரெஞ்சு வீரர் அமோரி பியரோன் இறக்கப் பந்தய உலகக் கோப்பையின் ஒட்டுமொத்த வெற்றியாளரானார். அதே காலத்தில் எண்டூரோ என்னும் பந்தயமுறை வளர்ந்து வந்தது. அதன் உலகத் தொடர் 2013இல் தொடங்கியது. எண்டூரோவில் இறக்கங்களுக்கே நேரக்கணக்கு உண்டு. ஆனால் ஏற்றங்களில் பெரும்பாலும் ஓட்டுநரே மிதித்துச் செல்ல வேண்டும். 2019இல் கனடாவின் வான்கூவர் தீவில் ஃபர்பிடன் நிறுவனம் 'ட்ரூயிட்' சட்டகத்தை வெளியிட்டது. பின்சக்கரத்துக்கு 130 மில்லிமீட்டர் அசைவு மட்டுமே கொண்ட அது, உயர்சுழலச்சு பந்தயத்துக்கு மட்டுமன்றி அன்றாடப் பாதைக்கும் உரியது என்று அறிவித்தது. 2021இல் நார்கோ ரேஞ்ச், கேனன்டேல் ஜெக்கில், டெவின்சி ஸ்பார்ட்டன் ஆகியவை இவ்வழியில் வந்தன. 2023இல் டிரெக் ஸ்லாஷும் சேர்ந்தது.

இதுவரை சொன்னது பொதுவாக எழுதப்படும் வரலாறு: கண்டுபிடிப்பு, தோல்வி, மீட்சி, வெற்றி. டிரெவர் பின்ச்சும் வீபே பைக்கரும் 1984இல் எழுதிய கட்டுரை, மிதிவண்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தகைய நேர்கோட்டு வரலாற்றைக் கேள்விக்குள்ளாக்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அதிர்வு குறைக்கும் கருவியாகவே முன்வைத்தார். பந்தய வீரர்களுக்கோ அதிர்வு ஒரு சிக்கலாகவே படவில்லை. அவ்வண்டிகள் பந்தயங்களில் வென்றபின் அதே டயர் வேகத்தின் கருவியாகப் புதிதாகப் பொருள்கொள்ளப்பட்டது, விவாதமும் அடங்கியது. உயர்சுழலச்சுக்கு 2018இன் வெற்றி அத்தகைய முடிவைத் தந்ததாகத் தோன்றக்கூடும். ஆனால் சட்டகத்தை வாங்கியவர்களிடம் விவாதம் அப்போதுதான் தொடங்கியது.

உடைமையாளர்களின் அனுபவங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் சில கூறுகள் உள்ளன. முதல் சில நாட்களின் வியப்பு ஏறக்குறைய அனைவருக்கும் பொது. வேர்களும் சதுரவிளிம்புக் கற்களும் நிறைந்த பாதையில் வண்டி அமைதியாகச் செல்கிறது, கால்கள் நிலைபெறுகின்றன, முன்பு பிரேக் பிடித்த இடங்களில் பிடிக்கத் தோன்றுவதில்லை. அடுத்து வருவது பழக்கத்தின் கட்டம். சக்கரம் அழுந்தும்போது பின்பகுதி நீள்வதால், முன்சக்கரத்தைத் தூக்குவதற்கும் வண்டியைத் துள்ளவைப்பதற்கும் கூடுதல் முயற்சி வேண்டும். வளைவுகளில் உடலின் எடையை முன்னோக்கி வைக்கக் கற்க வேண்டும். பிரேக் பிடிக்கையில் பின்பகுதி தாழ்ந்து அமர்வதைச் சிலர் உறுதியென்பர், சிலர் விறைப்பென்பர். ஒரே பண்பு ஒருவருக்கு நிதானமாகவும் மற்றவருக்கு உயிரற்றதாகவும் படுகிறது. பாதை செங்குத்தாகவும் கரடுமுரடாகவும் இருக்கும் மலையில் வாழ்பவருக்கும், மென்மையான காட்டுப்பாதையில் ஓட்டுபவருக்கும் இச்சட்டகம் இருவேறு பொருளாகிவிடுகிறது.

மூன்றாம் கட்டம் மழைக்காலத்தில் வருகிறது. இழுவிசை முழுவதையும் தாங்கும் ஐட்லர் சேற்றிலும் தூசியிலும் முனகத் தொடங்குகிறது. சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுவது வாரப் பணியிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உரிய பணியாகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது ஒரு மெல்லிய உராய்வு காலுக்குத் தெரிகிறது. தேய்ந்த பற்களும் உலர்ந்த சங்கிலியும் அதைப் பெருக்குகின்றன. சங்கிலி வழக்கத்தினும் நீளமானது. சில அளவுகளுக்கு ஒரு பெட்டியில் வரும் சங்கிலி போதாமல் மற்றொன்றிலிருந்து சில கண்ணிகளை எடுத்து இணைக்க வேண்டும். ஐட்லரும் அதன் பேரிங்கும் அந்நிறுவனத்துக்கே உரிய உதிரிப்பாகங்களாக இருந்தால், உள்ளூர்க் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே உடைமையாளர் உதிரி ஐட்லரை முன்கூட்டியே வாங்கி வைக்கிறார், அலுமினியத்துக்குப் பதில் எஃகைத் தேடுகிறார், சங்கிலிக்கு மெழுகேற்றக் கற்கிறார். இரண்டாம் ஆண்டின் முடிவில் சிலர் சட்டகத்தை விற்றுவிடுகின்றனர். சிலரோ இப்பணிகள் அனைத்தையும் செய்துகொண்டு, வேறொன்றுக்கு மாற மறுக்கின்றனர்.

இந்த மூன்றாம் கட்டம் ஏன் முன்பே தெரியவில்லை? இறக்கப் பந்தய வீரர் மலையுச்சிக்குக் கம்பிவட நாற்காலியிலோ வாகனத்திலோ சென்றார். ஏற்றத்தின் உராய்வு அவருக்குப் பொருட்டன்று. ஓட்டம் முடிந்ததும் அணியின் மெக்கானிக் வண்டியைக் கழுவி, சங்கிலியையும் ஐட்லரையும் மாற்றினார். சட்டகத்தின் செலவில் ஒரு பாதியை இயந்திரமும் மறுபாதியை மற்றொருவரின் உழைப்பும் சுமந்தன. அதே வடிவம் எண்டூரோ வழியே தனி உடைமையாளரிடம் வந்தபோது, ஓட்டுநர், ஏற்றுபவர், மெக்கானிக் என்னும் மூன்று பாத்திரங்களும் ஒருவரிடமே சேர்ந்தன. வடிவம் மாறாதபோதும் அதன் குறைகள் புலப்பட்டதற்கு, மறைந்திருந்த உழைப்பு இடம்பெயர்ந்ததே காரணம்.

டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலின் மையக் கருத்து இங்கு துணைசெய்யும்: புதுமையின் காலவரிசையைக் கொண்டு எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறு, பயன்பாட்டையும் பராமரிப்பையும் கணக்கில் கொள்ளும் வரலாற்றிலிருந்து பெரிதும் வேறுபடும். இதழ்களின் மதிப்பீட்டாளர் ஒரு சட்டகத்தைச் சில நாட்களோ சில வாரங்களோ ஓட்டுகிறார். காப்புரிமை ஆவணம் சக்கரத்தின் பாதையை வரைகிறது; ஐட்லர் தேயும் கணக்கு அதில் இராது. பந்தய முடிவுகளின் பட்டியலில் மெக்கானிக்கின் இரவு இடம்பெறாது. இம்மூன்றையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் உயர்சுழலச்சின் முதல் வாரத்தை எழுதுவாரேயன்றி, இரண்டாம் ஆண்டை எழுதமாட்டார்.

இந்திய மாணவர்களுக்கு இது அயலான செய்தியன்று. டேவிட் ஆர்னால்டின் 'எவ்ரிடே டெக்னாலஜி' என்னும் 2013ஆம் ஆண்டு நூல், மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை இறக்குமதிக் கணக்கோடு நிறுத்தாமல், அவற்றைக் கையாண்டவர்களின் பக்கமிருந்தும் அணுகியது. பஞ்சர் ஒட்டுபவரின் பெட்டியும் வாடகை மிதிவண்டிக் கடையின் குறிப்பேடும் ஆவணக் காப்பகங்களில் எளிதில் கிடைப்பவையல்ல. பல ஆயிரம் டாலர் விலையுள்ள எண்டூரோ சட்டகத்துக்கும் தெருவோர மிதிவண்டிக்கும் இடையே பொருளாதார இடைவெளி மிகப் பெரிது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆய்வுமுறையின் வினா இரண்டுக்கும் ஒன்றே: பொருளுடன் நெடுநாள் வாழ்ந்தவர் அறிந்ததை எவ்வாறு சான்றாக்குவது?

அவ்வறிவும் பிழையற்றதன்று. பெரும்பணம் கொடுத்து வாங்கியவர் தம் தேர்வை நியாயப்படுத்த முனைவார், ஏமாந்தவர் மிகைப்படுத்துவார், விற்க விரும்புபவர் குறைகளைச் சொல்லமாட்டார். ஆதலால் உடைமையாளரின் சொல்லைக் காலம், நிலப்பகுதி, பராமரிப்புப் பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். தேய்ந்த பாகங்களையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். பற்கள் கூர்ந்து தேய்ந்த ஓர் ஐட்லர், எத்தனை மழைக்காலம், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு அலட்சியம் என்பவற்றையெல்லாம் தன்மேல் பதித்து வைத்திருக்கிறது.

ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் கிரீஸை நிரப்பியவர்களின் வேலை, 1976இல் ஒரு பாதைக்குப் பெயராக நின்றது. இன்று மழைக்குப் பின் ஐட்லரைக் கழற்றித் துடைப்பவரின் வேலைக்கு அத்தகைய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. அவ்வேலையை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் சட்டக வரலாறு, சட்டகத்தை விற்றவர்களின் வரலாறாகவே நின்றுவிடும்.