உடைந்த பழைய செல்போன்: ரிப்பேர் செய்யலாமா, புதுசு வாங்கலாமா? முடிவெடுக்க உதவும் எளிய கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ... திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தத் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு செல்போன் வெறும் பேசும் கருவி இல்லை. சம்பளம் வந்ததா என்று பார்ப்பது, ஊருக்கு ஜிபேயில் பணம் அனுப்புவது, பிஎஃப் ஓடிபி வாங்குவது, கான்ட்ராக்டர் அனுப்பும் ஷிஃப்ட் மெசேஜ் என்று எல்லாமே அந்த ஒரு போனில்தான்.

அந்த போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டால் வரும் முதல் கேள்வி, "இதுக்கு செலவு பண்ணலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?" என்பதுதான். அவசரத்தில் எடுக்கும் முடிவு இரண்டு பக்கமும் நஷ்டம் தரலாம். 1,500 ரூபாயில் சரியாகும் போனுக்காக ஒரு வருஷத் தவணையில் சிக்குபவர்கள் உண்டு. ஆயுசு முடிந்த போனுக்கு மாறி மாறி செலவு செய்து ஏமாறுபவர்களும் உண்டு. எப்படி முடிவு செய்வது? பார்க்கலாம்.

முதலில், கோளாறு எது?

எல்லா பழுதும் ஒன்றல்ல. மாற்றக்கூடிய பாகம் கெட்டதா, போனின் மூளையே கெட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

பேட்டரி: சார்ஜ் நிற்கவில்லை, 30 சதவீதத்தில் திடீரென ஆஃப் ஆகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். லித்தியம் அயான் பேட்டரி தேய்ந்து போகும் பொருள். உதாரணமாக, ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதத் திறனுடன் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 முதல் இது 1,000 சுற்றுகள். எனவே இரண்டு, மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்வது கோளாறே இல்லை. மாற்றினால் போன் பழையபடி ஓடும்.

சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர், மைக்: இவையும் தனியாக மாற்றக்கூடியவை. பல நேரம் சுத்தம் செய்தாலே போதும்.

டிஸ்ப்ளே: கடைக்காரர்கள் 'காம்போ' என்று சொல்வது டிஸ்ப்ளேவும் டச்சும் சேர்ந்த பாகம். எல்சிடி என்றால் செலவு குறைவு. அமோலெட் என்றால் விலை எகிறும். யோசிக்க வைக்கும் பழுது இதுதான்.

மதர்போர்டு: தண்ணீர் புகுந்தது, தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது, நெட்வொர்க்கே எடுக்கவில்லை என்றால் போர்டு பழுதாக இருக்கலாம். ஒரு ஐசியை மாற்றினால் சரியாகலாம். ஆனால் அடுத்த மாதமே வேறு இடத்தில் பழுது வரலாம். பழைய போனில் இதற்குப் பெரிய தொகை செலவழிப்பது ரிஸ்க்.

தொழிற்பேட்டை வேலையும் போன் பழுதும்

கும்மிடிப்பூண்டியில் ஃபவுண்டரி, உருக்கு ஆலைகள் அதிகம். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பதால், காற்றில் பறக்கும் இரும்புத்தூள் அதன் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். "சவுண்டே கேக்கல" என்ற புகாருக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஊசியால் குத்தாமல், கடையில் சுத்தம் செய்து பார்த்த பிறகு ஸ்பீக்கரை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது சூடு. வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரிலோ, உலைக்குப் பக்கத்திலோ போனை வைத்து சார்ஜ் போட்டால் பேட்டரி வேகமாகத் தேயும். ஐபோன்களை 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாத மதியம் அதைத் தாண்டிவிடும்.

மூன்றாவது அதிர்வு. பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஜிஎன்டி சாலையில் தினமும் போகிறீர்களா? பைக் இன்ஜின் அதிர்வு கேமராவின் ஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன் பாகங்களைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் எச்சரித்தது. காரணம் இதில் எதுவாக இருந்தாலும், பழக்கத்தை மாற்றாவிட்டால் புது போனுக்கும் இதே கதிதான்.

போனுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுசு?

வெளியே பளபளப்பாக இருந்தாலும், செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போன் மெல்ல மெல்ல காலாவதியாகும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் பழையது என்றால், பேங்க் ஆப் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆப்களும் பழைய போன்களைக் கைவிடும். ஆண்ட்ராய்டு 4.4 கிட்கேட் போன்களில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் நிறுத்தப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேருபவர்களில் பெரும்பாலானோர் தங்கள் யுஏஎன் எண்ணை உமாங் ஆப்பில் முகத்தைக் காட்டித்தான் உருவாக்க வேண்டும் என்ற முறை 2025 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. செல்ஃபி கேமரா உடைந்த போனோ, அந்த ஆப் ஓடாத போனோ பிஎஃப் வேலைக்கு உதவாது.

மறுபக்கம், இப்போது வரும் சில போன்களுக்கு நீண்ட ஆயுசு. கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு 7 வருஷம், சாம்சங் ஏ16 5ஜி-க்கு 6 வருஷம் அப்டேட் உறுதி அளிக்கப்பட்டுள்ளது. இப்படிப்பட்ட போன் மூன்றாவது வருஷத்தில் உடைந்தால், ரிப்பேர் செய்வதே லாபம்.

மாசக் கணக்கு போட்டுப் பாருங்க

ரிப்பேர் செலவை, போனை வாங்கிய விலையோடு ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. "20 ஆயிரம் போட்டு வாங்குனது, 5 ஆயிரம் செலவு பண்ணா என்ன?" என்று தோன்றும். ஆனால் அந்த 20 ஆயிரம் ஏற்கெனவே போனது. பார்க்க வேண்டியது, இனி செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் எத்தனை மாசம் உழைக்கும் என்பதுதான்.

ஒரு உதாரணம் (கடைக்கும் மாடலுக்கும் ஏற்ப விலை மாறும்):

• டிஸ்ப்ளே மாற்ற ரூ.3,600. அதன்பின் 18 மாசம் ஓடும் என்றால் மாசத்துக்கு ரூ.200.
• புது போன் ரூ.14,400. நான்கு வருஷம் ஓடும் என்றால் மாசத்துக்கு ரூ.300.
• போர்டு வேலைக்கு ரூ.5,400. ஆறு மாசம்தான் தாங்கும் என்றால் மாசத்துக்கு ரூ.900.

முதல் வழக்கில் ரிப்பேர் ஜெயிக்கிறது. மூன்றாவதில் புது போனே மலிவு. அப்டேட் எப்போது நிற்கும், பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்த்துதான் 'எத்தனை மாசம்' என்ற எண்ணைப் போட வேண்டும். ஆசைப்பட்டு அதிகமாகப் போடக் கூடாது.

இன்னொரு சுலபமான அளவுகோலும் உண்டு. ரிப்பேர் செலவு, அதே தரத்தில் இன்று கிடைக்கும் போனின் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம்.

புது போன் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். தவணையில் வாங்கினால் வட்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கான்ட்ராக்ட் வேலையில் ஒரு மாசம் ஆர்டர் இல்லாமல் போனாலும் தவணை நிற்காது. தவறினால் அபராதம், சிபில் ஸ்கோரும் இறங்கும்.

கடையில் என்ன கேட்கணும்?

பக்கத்துக் கடை, கம்பெனி சர்வீஸ் சென்டர் என இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் இருந்து மின்சார ரயிலில் சென்னை வந்தால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போவதாக இருந்தால் அதையும் செலவில் சேர்க்க வேண்டும்.

கடையில் தயங்காமல் கேட்க வேண்டியவை:

• "அண்ணே, இது ஒரிஜினலா, காப்பியா? இல்ல வேற போன்ல இருந்து கழட்டுனதா?"
• "எத்தனை மாசம் கேரண்டி? பில்லுல எழுதித் தருவீங்களா?"
• "சரி பண்ண முடியலைன்னா செக்கிங் சார்ஜ் எவ்வளவு?"
• "கழட்டுன பழைய பாகத்தை எங்கிட்ட தருவீங்களா?"

வாரண்டி இன்னும் இருக்கும் போனை வெளியே திறந்தால் வாரண்டி போக வாய்ப்பு உண்டு. தண்ணீர் புகாத போனாக இருந்தாலும், ஒருமுறை திறந்து மூடிய பிறகு அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம்.

போனைக் கொடுக்கும் முன்

சிம், மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப்பை பேக்கப் எடுங்கள். யுபிஐ பின், பேங்க் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' இருக்கிறது. அதை ஆன் செய்து கொடுத்தால் உங்கள் படங்களையும் ஆப்களையும் மெக்கானிக் பார்க்க முடியாது.

*#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எண்தானா என்று பாருங்கள். மாறியிருந்தால் போர்டையே மாற்றியிருக்கலாம். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் சென்டர், வாரண்டி, உதிரி பாகம் பற்றி கம்பெனிகள் தரும் தகவலை அதில் பார்க்கலாம். போன் போன்ற பொருட்களை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்ய முடியும் என்பதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்று அரசு அமைத்த குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி மேலே போய்விட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி.

சர்வீஸில் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு பில் வேண்டும்.

புதுசுதான் என்று முடிவு செய்தால்...

செகண்ட் ஹேண்ட் போனும் ஒரு வழிதான். வாங்கும் முன் 'சஞ்சார் சாத்தி' ஆப்பில் ஐஎம்இஐ எண்ணைச் சரிபாருங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

புது போனில் யுபிஐ பதிவு செய்ததும் முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கும். வாடகை கட்டும் நாளிலோ, ஊருக்குப் பணம் அனுப்பும் நாளிலோ போனை மாற்றாதீர்கள். புது போனில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகே பழையதை அழியுங்கள்.

பழைய போனை என்ன செய்வது?

2022-ல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. அதில் முறையாக மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. எனவே பழைய போனைக் குப்பையில் போடவோ, எரிக்கவோ வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனத்துக்கும் உண்டு. ஃபேக்டரி ரீசெட் செய்து, சேகரிப்பு மையத்திலோ எக்ஸ்சேஞ்சிலோ கொடுக்கலாம்.

பேட்டரி உப்பி, பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சுருக்கமாக

• பேட்டரி, சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர்: அப்டேட் வரும் போன் என்றால் ரிப்பேர்.
• டிஸ்ப்ளே: மாசக் கணக்கு போட்டு முடிவு.
• பழைய போனில் போர்டு பழுது, அப்டேட்டும் நின்றுவிட்டது: மாற்றுவது நல்லது.
• எதுவானாலும் முதலில் பேக்கப், கடைசியில் பில்.