ஒரே குகையில் வாழும் கோலார் வௌவால்: பலமுறை ஈனும் உயிரினங்களின் உத்தி என்ன?

தங்கச் சுரங்கங்களால் பெயர்பெற்ற கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், ஹனுமனஹள்ளி கிராமத்தின் குகை ஒன்றில் மட்டுமே கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. 1994-ஆம் ஆண்டு புதிய இனமாக விவரிக்கப்பட்ட இதன் எண்ணிக்கை 200-க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகவும் அருகிவிட்ட இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

இருவகை இனப்பெருக்கம்

உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்யும் முறையை அறிவியலாளர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். தாளிப்பனை பல்லாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்துக் காய்த்து மடிகிறது. மூங்கில் இனங்கள் பலவும், பசிபிக் சால்மன் மீன்களில் பலவும் இவ்வாறே மடிகின்றன. மாறாக மா, தென்னை, யானை, வௌவால் போன்றவை வாழ்நாளில் பலமுறை இனப்பெருக்கம் செய்கின்றன.

கோல் எழுப்பிய புதிர்

ஒருமுறை மட்டும் ஈனும் உயிரினம், அந்த ஈற்றில் ஒரு குட்டியைக் கூடுதலாக ஈன்றாலே, ஆண்டுதோறும் ஈனும் உயிரினத்திற்கு இணையாகப் பெருகிவிடும் என 1954-இல் அமெரிக்க சூழலியலாளர் லாமண்ட் கோல் கணக்கிட்டார். அவ்வாறெனில், பலமுறை ஈனுவதால் என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது.

1973-இல் எரிக் சார்னோவ், வில்லியம் ஷாஃபர் ஆகியோர் இதற்கு விடையளித்தனர். கோலின் கணக்கு, குட்டிகளும் முதிர்ந்தவையும் ஒரே அளவில் பிழைப்பதாகக் கருதியது. ஆனால், இயற்கையில் குட்டிகளே பெரும்பாலும் அதிகமாக இறக்கின்றன. எனவே, தாய் தன் ஆற்றலின் ஒரு பகுதியைச் சேமித்து உயிர்பிழைத்து, அடுத்த பருவத்தில் மீண்டும் ஈனுவது ஆதாயமாகிறது.

வௌவால்களுக்கு ஆபத்து ஏன்?

எலிகளும் பலமுறை ஈனுபவையே. எனினும், ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனுவதால் இழப்பை விரைவில் ஈடுகட்டும். பூச்சியுண்ணும் வௌவால்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு குட்டியையே ஈனுகின்றன. அவற்றில் சில இனங்கள் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. ஆகவே, முதிர்ந்த பெண் வௌவால் ஒன்று இறந்தால், அது இனி ஈனவிருந்த குட்டிகள் அனைத்தும் இழக்கப்படுகின்றன.

ஹனுமனஹள்ளி பகுதியில் கிரானைட் கற்கள் வெட்டியெடுக்கப்பட்டதே இந்த வௌவாலுக்கு முக்கிய அச்சுறுத்தலாகக் கூறப்படுகிறது. குகைகளைச் சுற்றியுள்ள சுமார் 30 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. மெதுவாக ஈனும் இவ்வினத்துக்கு, முதிர்ந்த வௌவால்கள் நீண்ட காலம் உயிர்வாழ்வதே மீட்சிக்கான வழியாகும்.