ஆமணக்கில் தொடங்கிய வழி: பழைய பந்தய எஞ்சின்களும் சிந்தெடிக் எண்ணெயும்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் 1950, 60களிலும் கட்டப்பட்ட பந்தய கார்கள் பல இன்றும் ஐரோப்பியத் தடங்களில் ஓடுகின்றன. அவற்றைப் பேணுபவர்களிடம் ஒரு நம்பிக்கை வலுவாக இருக்கிறது: இந்த எஞ்சின்களுக்கு மினரல் எண்ணெயே பொருந்தும், சிந்தெடிக் எண்ணெய் அவற்றைக் கெடுத்துவிடும் என்பது அது. வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. பந்தய எஞ்சின் தன் இளமையில் பெரிதும் நம்பியது மினரல் எண்ணெயை அல்ல, ஆமணக்கு எண்ணெயை. வேதியியல் நோக்கில் அது ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம். இன்று பந்தயத்துக்கென விற்கப்படும் உயர்தர சிந்தெடிக் எண்ணெய்கள் பலவற்றின் உயிர்நாடியும் எஸ்டர்தான். சிந்தெடிக் எண்ணெயின் மேல் சுமத்தப்படும் கேடுகள் உண்மையானவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடிப்படை எண்ணெயால் வந்தவை அல்ல, அதோடு சேர்ந்து வந்த வேறு மாற்றங்களால் வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த மினரல் எண்ணெய்கள் சூடானதும் நீர்த்துப்போயின. மெழுகும் கசடும் மிகுந்திருந்தன. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியும் எஸ்டர் பிணைப்புகளும் மூலக்கூற்றுக்கு முனைவுத்தன்மை தருகின்றன. அதனால் அது உலோகப் பரப்பை விடாமல் பற்றிக்கொள்கிறது. எண்ணெய்ப் படலம் அழுத்தத்தில் எளிதில் கிழிவதில்லை. இதன் அருமையை முதலில் உணர்த்தியவை விமானங்கள். சிலிண்டர்களே சுழலும் பிரெஞ்சு நோம் எஞ்சினில் பெட்ரோல் கிராங்க் அறை வழியாகவே சென்றது. மினரல் எண்ணெய் என்றால் பெட்ரோலில் கரைந்து கழுவப்பட்டுப் போகும். ஆமணக்கு எண்ணெய் எளிதில் கரையாது. முதல் உலகப் போரில் ஆமணக்கு விதை போர்ப்பொருளாகவே ஆனது. அமெரிக்கா அதைத் தன் மண்ணில் பயிரிட பம்பாயிலிருந்து விதை தருவித்தது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் தொடங்கிய நிறுவனம் 1909இல் தன் எண்ணெய்க்கு வைத்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. அதன் ஆமணக்குப் பந்தய எண்ணெயான காஸ்ட்ரால் ஆர், இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தின் மணமாகவே ஆகிவிட்டது. அந்த மணத்துக்காக மட்டும் பெட்ரோலில் சிறிது ஆமணக்கு எண்ணெய் ஊற்றிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. எஞ்சினுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, மூக்குக்கு உண்டு.

மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடிய பந்தய எஞ்சின்களுக்கும் ஆமணக்கு ஒத்துப்போனது, ஏனெனில் அது ஆல்கஹாலில் கரையும். அதன் குறை வேறு இடத்தில் இருந்தது. சூட்டிலும் காற்றிலும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகக் கெட்டியாகிறது; மினரல் எண்ணெயோடு சரிவரக் கலப்பதில்லை. பந்தயம் முடிந்ததும் வடித்துவிடும் எஞ்சினுக்கு அது சரி, மாதக்கணக்கில் சாலையில் ஓடும் காருக்கு ஆகாது. 1930களிலிருந்து கரைப்பான் சுத்திகரிப்பும், அடுத்து தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மமான ஜிங்க் டைதயோபாஸ்பேட் போன்ற சேர்க்கைகளும் மினரல் எண்ணெயை உயர்த்தின. ஆமணக்கு பந்தயத்திலிருந்து படிப்படியாக ஒதுங்கியது. ஆக, ‘பழைய எஞ்சினுக்கு மினரலே மரபு’ என்பது இந்த இரண்டாம் கட்டத்தின் மரபு.

எஸ்டர் மீண்டும் எழுந்ததும் விமானத்தால்தான். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் ஹெர்மன் சோர்ன் குழுவினர் ஆய்ந்த எஸ்டர்கள், போருக்குப்பின் ஜெட் எஞ்சின் எண்ணெய்களுக்கு வழிவகுத்தன. டர்பைன் பேரிங்குகளின் சூட்டில் மினரல் எண்ணெய் கரியாகப் படிந்தது. உயரத்தின் குளிரிலோ உறைந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் வகுத்த தரத்துக்கு டைஎஸ்டர்கள் விடையாயின. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு மூலப்பொருள் செபாசிக் அமிலம். அது ஆமணக்கு எண்ணெயைக் காரத்தோடு கடுஞ்சூட்டில் பிளந்து பெறப்படுவது. 1971இல் மோட்டுல் எஸ்டர் அடிப்படையிலான 300வி எண்ணெயைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. மறுஆண்டு வந்த ஆம்சாயில், போர்விமான ஓட்டியான ஆல் அமட்டூசியோ ஜெட் எஞ்சின் எண்ணெயைப் பார்த்து உருவாக்கியது. இதற்கிடையே எத்திலீனிலிருந்து கட்டப்படும் பாலிஆல்ஃபாஒலிஃபின் என்ற ஹைட்ரோகார்பன் வகையும் 1970களில் மொபில் 1 வழியாகப் பரவியது. சிந்தெடிக் என்று நாம் ஒரே கூடையில் போடும் பொருட்கள் உண்மையில் இரு குலத்தவை. அவற்றில் ஒன்று பழைய பந்தய எண்ணெயின் நேர் உறவு.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கசிவு. பாலிஆல்ஃபாஒலிஃபின் ரப்பர் சீல்களைச் சுருக்கும். எஸ்டர் வீங்கச் செய்யும். தொடக்ககாலக் கலவைகளில் இந்தச் சமநிலை கூடவில்லை என்பதால் அந்தப் புகார் நியாயமானது. இன்று இரண்டையும் அளவறிந்து கலக்கிறார்கள். பழைய எஞ்சின்கள் பலவற்றில் ரப்பர் சீலே இல்லை. கிராங்க் ஷாஃப்டில் வெட்டிய திருகுவரிப் பள்ளமோ கயிற்றுத் திணிப்போதான் எண்ணெயைத் தடுக்கின்றன. அங்கே நீர்த்த எண்ணெய் எதுவானாலும் ஒழுகும். ஆனால் எஸ்டர் மிகுந்த எண்ணெய் பழைய ரப்பரையும் பெயிண்டையும் இளக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது, கேம் ஷாஃப்ட் தேய்மானம். தட்டை டேப்பட் உராயும் கேம்களுக்குத் துத்தநாக–பாஸ்பரஸ் பாதுகாப்பு இன்றியமையாதது. புகையைச் சுத்தம்செய்யும் காட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் செயலிழக்கச் செய்வதால், மெல்லிய தர எண்ணெய்களில் அதன் உச்சவரம்பு அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் 1996இன் எஸ்ஜே தரத்தில் 0.10 விழுக்காடாகவும், 2004இன் எஸ்எம் தரத்தில் 0.08 விழுக்காடாகவும் இறக்கப்பட்டது. சிந்தெடிக் எண்ணெய் சாலையில் பெருகிய காலமும் இதுவே. பழி அதன் தலையில் விழுந்தது. அதே தரத்துக்குத் தயாரான மினரல் எண்ணெயிலும் பாஸ்பரஸ் குறைவுதான். 20டபிள்யூ-50 போன்ற தடித்த தரங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. ‘சிந்தெடிக் என்றாலே நீர்த்தது’ என்ற குறையும் இப்படிப்பட்டதே: பழைய பேரிங் இடைவெளிகளுக்கு வேண்டிய பாகுத்தன்மையை எந்த அடிப்படை எண்ணெயிலும் கொண்டுவர முடியும்.

மூன்றாவது வாதமே கனமானது. பழைய எஞ்சின்கள் பலவற்றில், 1924இன் புகாட்டி டைப் 35 போன்ற ரோலர் பேரிங் கிராங்க் கொண்டவை உட்பட, இன்றைய நுண்வடிகட்டிகள் இல்லை. அழுக்கு ஆங்காங்கே படியட்டும் என்று விட்டார்கள். இன்றைய எண்ணெயிலுள்ள டிடர்ஜென்ட், டிஸ்பர்சென்ட் சேர்க்கைகள் படியவேண்டிய அழுக்கை மிதக்கவைத்துப் பேரிங்குகளுக்கே சுமந்து செல்கின்றன. பல ஆண்டுகள் படிந்த கசடையும் பெயர்த்துவிடுகின்றன. இந்த ஆபத்து மெய். ஆனால் டிடர்ஜென்ட் மிகுந்த மினரல் எண்ணெயும் இதையே செய்யும். பிரித்துச் சுத்தம்செய்து, வெளியே ஒரு நல்ல வடிகட்டியும் பொருத்தப்பட்ட எஞ்சினில் இந்த எதிர்ப்புக்குப் பெரிய இடமில்லை. பிரிக்கப்படாத எஞ்சினில் இது முழுமையாக நிற்கிறது.

மரபைக் காப்பதே நோக்கம் என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: 1920களின் எஞ்சினில் உண்மையான மரபு வேண்டுமென்றால் ஊற்றவேண்டியது ஆமணக்கு எண்ணெய்; இன்றைய கடை அலமாரியின் மினரல் எண்ணெயும் அந்தக் காலத்தது அல்ல. எஞ்சினின் ஆயுளே நோக்கம் என்றால், பாகுத்தன்மை, பாஸ்பரஸ் அளவு, டிடர்ஜென்ட் அளவு, சீல்களின் பொருள் ஆகிய நான்கையும் பார்த்து எண்ணெயைத் தேரவேண்டும். எஸ்டர் அடிப்படையிலான தடித்த பந்தய எண்ணெய் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஆமணக்கில் ஓடிய எஞ்சினில் பழைய எண்ணெயை வெறுமனே வடித்துவிட்டுப் புதியதை ஊற்றக் கூடாது. தொட்டி, குழாய்கள், கூலர், கிராங்க் ஷாஃப்டின் உள்துளைகள் என அனைத்தையும் பிரித்துக் கழுவவேண்டும். எஞ்சிய ஆமணக்குப் பிசின் புதிய எண்ணெயில் கட்டிகளாகப் பெயர்ந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடும்.