வேலியோரத்து வெருகும் எங்கள் வீட்டுக் கோழியும்

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, மழை விட்ட நேரம், தோட்டத்துப் பக்கம் ஒரே அலறல். ஆயா டார்ச் லைட்டோடு முன்னால் போக, நான் துடைப்பத்தோடு பின்னால் போனேன் (என்ன ஒரு வீரம்!). மதில் மேல் பூனை மாதிரி ஒன்று நின்றது. ஆனால் கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில் கறுப்பு வளையம். வெளிச்சம் பட்டதும் அந்தப் பக்கம் குதித்துவிட்டது. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு செம்பழுப்புக் கோழி, வால் இறகு மொத்தமும் போய், முதுகில் ரத்தத்தோடு ஒடுங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்போது கோழியே கிடையாது. நாலு தெரு விசாரித்தும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. அப்படித்தான் அது எங்கள் கோழி ஆனது.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் பீங்கானும்தான் ஞாபகத்துக்கு வரும். ஊரைத் தாண்டினால் முந்திரித் தோப்பும் கரும்புக் கொல்லையும்தான். காட்டுப்பூனைக்கு ஒளிய அதைவிட நல்ல இடம் எது?

ஆயா கோழியைப் பஞ்சாரத்தில் விட்டு மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டார். இருட்டாக இருந்தால் கோழி அடங்கிவிடும். பயத்தில் துடித்தே செத்துப்போகிற கோழிகள் உண்டு என்றார். காயத்தை உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினார். ஈ மொய்த்துப் புழு வைத்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. "வேற கோழி இல்லாதது நல்லதுடா, இருந்தா ரத்தத்தைப் பாத்துக் கொத்தியே கொன்னுடும்" என்றும் சொன்னார். நான் மட்டும் மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், விஷயமெல்லாம் உள்ளே இருக்கும். பூனைகளின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கும் பாஸ்ச்சரெல்லா மல்டோசிடா என்ற கிருமி அந்த ஓட்டை வழியாக உள்ளே போனால், மஞ்சளால் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டர் ஊசி போட்டார். கோழி பிழைத்தது.

அந்தக் கிருமியின் பெயரைக் கவனித்தீர்களா? லூயி பாஸ்ச்சரின் பெயர். கோழிக் காலரா என்ற நோயை உண்டாக்குவதும் இதுதான். பாஸ்ச்சர் 1879இல் இதை வளர்த்து ஆராய்ந்தபோது, நாள்பட்டு வலுவிழந்த கிருமியைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை, பிறகு வலுவான கிருமியைச் செலுத்தியும் தாங்கிக்கொண்டன என்று கண்டார். 1880இல் அதை அறிவித்தார். ஆய்வுக்கூடத்தில் வலுவிழக்கச் செய்த கிருமியால் உண்டான முதல் தடுப்பூசி அதுதான். மனிதனுக்கான வெறிநாய்க்கடி ஊசி 1885இல்தான் வந்தது. கோழிகள்தான் நமக்கு முன்னால் போய் ஊசி போட்டுக்கொண்டன :-)

சரி, சரித்திரத்துக்கு வருவோம். அந்த வாரம் குறுந்தொகை படித்துக்கொண்டிருந்தேன். 139ஆம் பாட்டு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் தோட்டமே அதில் இருந்தது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், பெண்பாற் புலவர். சாயங்கால நேரம், வீட்டு வேலியோரம் வெருகு வந்துவிடுகிறது. குட்டைக் கால் பெட்டைக்கோழி பதறிப்போய், எங்கே ஒளிவது என்று தெரியாமல் ஒன்றாகக் குவிந்து நிற்கும் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. தலைவனை வாசலிலேயே நிறுத்தி, ஊர்ப்பேச்சையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வராதே என்று தோழி சொல்லும் பாட்டு இது. அந்த ஊர்ப்பேச்சு காதுக்கு எவ்வளவு கொடுமையாக ஒலிக்கிறது என்று சொல்ல, புலவருக்கு அந்தக் கோழியின் பதற்றம் போதுமானதாக இருந்திருக்கிறது. பதறுகிற கோழியைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர் இதை எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வெருகு என்றால் காட்டுப்பூனை. தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் ஏறக்குறைய போய்விட்டது. மலையாளத்தில் உயிரோடு இருக்கிறது, ஆனால் அங்கே அது புனுகுப்பூனை, மரநாய் வகைகளைக் குறிக்கும். இரண்டுமே கோழித் திருடர்கள்தான் என்பதால் நம் கோழிக்கு இதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அதே குறுந்தொகையில் 107ஆம் பாட்டு நேர் எதிர். மதுரைக் கண்ணனார் பாடியது. கணவனோடு தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. கோபத்தில் அவள், நடுராத்திரியில் வீட்டு எலிக்குக் காத்திருக்கும் வெருகின் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று சேவலைத் திட்டுகிறாள். அலாரத்தைத் திட்டாதவர் நம்மில் யார்?

எனக்கு மிகவும் பிடித்தது புறநானூறு 326, தங்கால் பொற்கொல்லனார் பாடியது. பழைய வேலிப் பக்கம் பதுங்கி நடக்கும் வெருகுக்குப் பயந்து ஓர் இளம் பெட்டைக்கோழி உயிர் நடுங்க அலறுகிறது. நூல் நூற்றுப் பிழைக்கும் பருத்திப் பெண்டு ஒருத்தி, பஞ்சுக் குப்பையைப் புடைக்க ராத்திரியில் எழுந்திருக்கிறாள். அவள் ஏற்றிய சிறு விளக்கு வெளிச்சத்தில், முள்முருங்கைப் பூப் போன்ற கொண்டையோடு சேவல் பக்கத்தில் இருப்பது தெரிகிறது. கோழி அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண் வெருகை விரட்டவில்லை, கோழிக்காக எழுந்திருக்கவும் இல்லை. அவள் வேலைக்கு ஏற்றிய விளக்கு கோழிக்கும் உதவியது.

விளக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பொழுது சாய்ந்தால் குருடு மாதிரிதான். வெருகுக்கோ அதுதான் வேலை நேரம். இந்த மூன்று பாட்டிலும் ஒன்று சாயங்காலம், மற்ற இரண்டும் ராத்திரி. பகலில் அதே கோழி எவ்வளவு சாமர்த்தியசாலி என்பதை 1990களில் கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலியோர் சேவல்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. தலைக்கு மேலே இருந்த திரையில் பருந்தின் உருவத்தை ஓட்டினால் ஒரு வகைச் சத்தம். தரை மட்டத்துத் திரையில் நாலுகால் பிராணியைக் காட்டினால் வேறு வகைச் சத்தம். கேட்கிற கோழிகளும் சத்தத்துக்கு ஏற்றபடி ஒன்று பதுங்கின, அல்லது நிமிர்ந்து பார்த்தன. இந்த சாமர்த்தியம் எல்லாம் பொழுது போனால் போச்சு.

கோழி எப்போது வீட்டுக்கு வந்தது என்பது பற்றிப் பழைய கணக்குகள் மாறிவிட்டன. 2022இல் வந்த ஆய்வுகள்படி, சந்தேகமில்லாத பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. நெல், தினை விளைச்சலைத் தேடிக் காட்டுக்கோழிகள் மனிதன் பக்கம் வந்தன என்கிறார்கள். நம் பக்கத்துப் பங்கும் உண்டு. பல கோழிகளின் மஞ்சள் கால் தோலுக்கான மரபணு தென்னிந்தியாவில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள்.

சரித்திரத்தில் சேவலுக்குத்தான் மரியாதை. சோழர் தலைநகர் உறையூருக்கே கோழி என்று பெயர், யானையை எதிர்த்த சேவலின் கதையால். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டையில் செத்த சேவல்களுக்கு நடுகல்லே இருக்கிறது, சுமார் 5, 6ஆம் நூற்றாண்டு எழுத்தில். இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. சேவலுக்குக் கல்லும் பெயரும் கிடைத்தன. குஞ்சைக் கூப்பிட்டுத் தவித்த பெட்டைக்கோழிக்குப் பாட்டு மட்டும்தான். அந்த ஆற்றாமையில் எங்கள் கோழிக்குப் பொற்கொற்றி என்று பெயர் வைத்தேன். ஆயா வாயில் அது நுழையவில்லை, 'கொத்தி' ஆகிவிட்டது. குணத்துக்கும் அதுதான் பொருத்தம். என் சுண்டுவிரலே சாட்சி.

காயம் ஆறியதும் கூடு கட்ட வேண்டியிருந்தது. கடையில் கோழிவலை என்றே ஒன்று விற்கிறார்கள், அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை. இங்கிலாந்தின் நார்விச் ஊரில் சார்லஸ் பர்னார்டு என்பவர் 1844இல் துணி நெய்யும் இயந்திரத்தைப் பார்த்து இதைப் பின்னும் இயந்திரத்தை உண்டாக்கினார். நூல் நூற்ற பருத்திப் பெண்டின் விளக்குக்கு அப்புறம், கோழியைக் காக்க மறுபடியும் நெசவுத் தொழில்! ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வலை கோழியை வெளியே விடாது, அவ்வளவுதான். காட்டுப்பூனையும் நாயும் அதைக் கிழித்துவிடும், கீரிக்குட்டியும் பாம்பும் கண் வழியாகவே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கெட்டிக் கம்பி வலைதான் வேண்டும். தரையிலிருந்து தோண்டி வருகிற கீரிக்கும் பெருச்சாளிக்கும் வலை மட்டும் போதாது. அதற்கு எங்கள் ஊர் கைகொடுத்தது: பீங்கான் சூளையில் கழித்துப் போட்ட தீச்செங்கல்லைத் தளமாகப் பரப்பிவிட்டோம். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டில்தான் கொத்திக்குத் தண்ணீர்.

பொறி வைத்துப் பிடித்துவிடு என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். காட்டுப்பூனை, கீரி இரண்டுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை, பிடித்தால் நாம்தான் உள்ளே போக வேண்டும். தவிர, கரும்புக் கொல்லையில் எலியைத் தின்று நமக்கு உதவுவதும் அதே பூனைதான். சாயங்காலம் ஆறு மணிக்குள் கூட்டுக் கதவைச் சாத்துவதுதான் எளிது.

தை மாதம் கொத்தி அடையில் உட்கார்ந்தது. எதிர்வீட்டிலிருந்து வாங்கிய ஒன்பது முட்டை. ஆயா கூடையில் மணலைப் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டார். இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "நீ ஊசி போட்டல்ல, நான் ஆணி போடுறேன்" என்றார். 21ஆம் நாள் ஏழு குஞ்சு. அதில் ஒன்றைக் காக்காய் தூக்கிவிட்டது, பட்டப்பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மற்ற ஆறும் இறக்கை முளைத்துத் திரிகின்றன. போன வாரம் ராத்திரி கூட்டுப் பக்கம் மறுபடியும் சத்தம். ஆயா டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னை எழுப்பாமலே போய்விட்டு வந்தார். பெருச்சாளியாம்.