மெட்ராஸில் தெரிந்த புது காலரா எங்கே போனது? 30 வருஷம் கழித்து மரபணு சொன்ன பதில்!

1992 அக்டோபர். அன்றைய மெட்ராஸில் கடும் வயிற்றுப்போக்குடன் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அறிகுறி எல்லாமே காலரா. ஆனால் லேப் டெஸ்ட்டில் வழக்கமான காலரா கிருமி இல்லை. அப்போ அது என்ன?

பெயரில் ஏன் 139?

காலராவுக்குக் காரணம் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா. அதன் மேலுறையில் உள்ள சர்க்கரை அமைப்பை வைத்து வகை பிரிப்பார்கள். அதுவரை பெரிய அளவில் காலராவைப் பரப்பியது 'ஓ1' வகைதான். மெட்ராஸ் கிருமியோ அப்போது தெரிந்திருந்த 138 வகை எதிலும் சேரவில்லை. அதனால் 'ஓ139' ஆனது.

சில மாதங்களிலேயே கொல்கத்தா, வங்கதேசம் வரை போய்விட்டது. பழைய காலராவுக்கு எதிர்ப்பு சக்தி இருந்த பெரியவர்களையும் இது விடலை. 1961-ல் இந்தோனேசியாவில் தொடங்கிய 7-வது உலகப் பரவலுக்குப் பிறகு, 8-வது வந்துடுச்சு என்றே விஞ்ஞானிகள் பயந்தார்கள்.

மரபணு என்ன சொன்னது?

இந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பு சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்டது. 'ஓ1' கிருமி ஒன்றின் முழு வரிசை முதன்முதலில் 2000-ல் வெளியானது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஓ139 புது ஆளே இல்லை. பழைய ஓ1 கிருமி, மேலுறையை உருவாக்கும் மரபணுப் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சட்டையை மாத்திட்டு வந்த அதே ஆள்!

சரி, ஏன் மறைந்தது? 330 ஓ139 மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்த ஆய்வு 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. மூன்று அலைகளாகப் பரவிய கிருமியின் நச்சு மரபணு, முதல் அலையில் ஒரே வகையாக இருந்து பிறகு பலவகையானது. ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் திறனும் அலைக்கு அலை குறைந்தது. இந்த இரண்டும்தான் காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு.

ஆனால் காலரா போகவில்லை. 2022 ஜூலையில் பக்கத்து காரைக்காலில் காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள்.

நமக்கு என்ன?

மரபணு வரிசை, கிருமி எங்கிருந்து வந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும். படுத்திருக்கும் நோயாளியைக் காப்பாற்றுவது ஓஆர்எஸ் கரைசலும் டிரிப்ஸும்தான். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானோர் கூடும் திருத்தணி மாதிரி ஊர்களில் குடிதண்ணீரில் குளோரின் இருப்பது ரொம்ப முக்கியம். அரிசி கழுவின தண்ணி மாதிரி பேதியானால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சில மணி நேர தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.