"எனக்கு வேணும்" என்பதும் "விசுவசிக்கிறேன்" என்பதும்

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா?

நம் உறவுக்காரர்கள் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. வேதம், கோயில், மந்திரம், பிரசாதம், அவதாரம் எல்லாம் நம்முடைய சொற்களாம். ஆள் பிடிப்பதற்காகக் கிறிஸ்தவர்கள் அவற்றைத் திருடிக்கொண்டார்களாம். நாலைந்து பேர் கை தட்டியிருந்தார்கள். அதே வாரத்தில், இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். அவன் மனைவி புதிதாகப் போகும் சபையில், "சருவேசுரன் என்பது அஞ்ஞானிகளின் சொல். பாட்டி சொல்லிக்கொடுக்கும் பழைய மந்திரங்களைப் பிள்ளைக்குச் சொல்லித் தராதீர்கள்" என்றார்களாம். பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "சார், எங்க விசுவாசம் பாட்டி சொன்னதா, இவங்க சொல்றதா?" என்று கேட்டான்.

நான் விபூதி பூசுகிறவன். அந்த மதத்துக்காக வாதாட வரவில்லை. ஆனால் முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த இரண்டு பேச்சையும் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், அவர்கள் எதைத்தான் நம்புகிறார்கள்? அதற்கென்று ஒரு சிறிய வாசகம் உண்டு. கத்தோலிக்கர் விசுவாச மந்திரம் என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் விசுவாசப் பிரமாணம் என்பார்கள். ரோமாபுரியில் ஞானஸ்நானம் வாங்க வந்தவர்களிடம் கேட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்த வாசகம் அது. படைத்த கடவுள் ஒருவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள், ஆனாலும் மூன்று கடவுள் இல்லை. சுதன் மரியாளின் வயிற்றில் மனிதனாகப் பிறந்தார், பாடுபட்டார், சிலுவையில் செத்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், தீர்ப்பு சொல்ல மறுபடி வருவார். பிறகு திருச்சபை, பாவமன்னிப்பு, செத்தவர்களின் உடல் எழும்புவது, நித்திய வாழ்வு. அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொன்னால் ஒரு நிமிடம்.

வரலாற்று வாத்தியாருக்கு இதில் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. இத்தனை பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஒரு அரசு அதிகாரியின் பெயர் வருகிறது: போஞ்சு பிலாத்து. ரோமப் பேரரசுக்காகக் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். 1961-ல் செசரியாவில் அகழ்ந்தபோது அவர் பெயர் பொறித்த கல்லே கிடைத்தது. நம் கலெக்டர் ஒருவரின் பெயரை சாமி பாட்டில் சேர்த்தது மாதிரி! எங்கோ எப்போதோ என்று சொல்லாமல், இந்த அதிகாரி காலத்தில், இந்த ஊரில் நடந்தது என்று சொல்லும் மதம் அது. நடந்ததா இல்லையா என்ற கேள்வி அதன் கழுத்திலேயே தொங்குகிறது.

இன்னொன்று, இந்த நம்பிக்கைகள் வானத்திலிருந்து அச்சடித்து விழவில்லை. அலெக்சாண்டிரியாவில் ஆரியுஸ் என்ற குரு, "சுதனும் படைக்கப்பட்டவர்தான், பிதாவுக்குச் சமம் இல்லை" என்று போதித்தார். சண்டை முற்றி, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 325-ல் நிசேயா என்ற ஊரில் (இன்றைய துருக்கி) ஆயர்களைக் கூட்டினார். அங்கே அவர்கள் பிடித்துக்கொண்ட கிரேக்கச் சொல் "ஒமோஊசியோஸ்": பிதாவும் சுதனும் ஒரே சாரம். பிறகு சிலர், "ஒரே சாரம் வேண்டாம், ஒத்த சாரம் என்று வைத்துக்கொள்வோம்" என்றார்கள். கிரேக்கத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காகப் பல வருடம் அடித்துக்கொண்டார்கள், ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் ஓரளவு அடங்கியது. அந்தக் கிரேக்கச் சொல் பைபிளில் எங்குமே இல்லை, தத்துவக்காரர்களிடம் புழங்கியது. கடன் வாங்கிய சொல்லில் சாமி கும்பிடுவது அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த சிலரை வைத்து விசுவாச வாசகத்தைத் தமிழில் மாற்றி, தெருத் தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். 1544-ல் தன் கூட்டாளி மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: "வேணும்" என்று வரும் இடத்தில் இனிமேல் விசுவாசம் என்ற சொல்லைப் போடு, வேணும் என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம், நம்புகிறேன் என்று அர்த்தம் இல்லை.

அதாவது அதுவரை அந்தப் பரதவ மக்கள் "எனக்குச் சருவமும் படைத்தவர் வேணும்" என்கிற மாதிரி ஒப்பித்திருக்கிறார்கள்! நான் இதைப் படித்துச் சிரித்தேன், பிறகு யோசித்தேன். சாமியிடம் "எனக்கு வேணும்" என்று நிற்பது நமக்கு ரொம்பப் பழக்கமான பக்தி. அதை "இது உண்மை என்று நம்புகிறேன்" என்று மாற்றியது ஒரு சொல் திருத்தம் மட்டும் இல்லை. எதை வணங்குகிறாய் என்று கேட்டுப் பழகிய ஊரில், எதை உண்மை என்கிறாய் என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது.

அடுத்து அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த அன்ரீக்கே அன்ரீக்கஸ். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவர் அச்சிட்ட பதினாறு பக்கப் புத்தகம்தான் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம். பெயர் "தம்பிரான் வணக்கம்". உள்ளே இருப்பது இதே விசுவாச வாசகமும், கற்பனைகளும், செபங்களும். கடவுளுக்கு அவர் எடுத்த சொல்லைக் கவனியுங்கள். தம்பிரான் என்பது இன்றும் சைவ ஆதீனங்களில் துறவிகளுக்கு வழங்கும் பெயர்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர், காவி கட்டினார், மரக்கறி உண்டார். அவர் புழங்கவிட்ட சொல் சருவேசுரன். முன்பு ஞானம் என்ற முன்னொட்டு போட்டால் போதும் என்று கண்டுபிடித்தது மாதிரி, ஞானஸ்நானம், ஞானோபதேசம் என்று சொற்கள் குவிந்தன. அவர் ஒளிக்கவில்லை, தன் மதத்துக்கு ஆட்களைச் சேர்க்கத்தான் வந்தார். அவர் செய்ததைச் சொந்த மதத்தாரே எதிர்த்தார்கள், வழக்கு ரோம் வரை போய் 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார். ஓசூர் சபையின் குற்றச்சாட்டு நானூறு வருடப் பழசு.

தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்கு வந்தார், அவர் வழியில் வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்று எழுதினார். அதே நூற்றாண்டில்தான் நம் தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். யார் யாரிடம் திருடினார்கள்? திருநெல்வேலியில் ரேனியுஸ் தேவன் என்றார். 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல். பள்ளி என்பது சமணர் தங்கிய இடம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டைக்குப் போனால் அந்தக் காலத்துச் சமணம் இன்றும் மலையில் நிற்கிறது. அந்தச் சொல்லைத்தான் முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்கு எடுத்தார்கள், நான் சம்பளம் வாங்கிய இடத்துக்கும் அதே பெயர். விருத்தாசலம் வட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகிக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் 3,615 பாடல்களில் சூசையப்பரை "வளன்" ஆக்கினார். அதைத் திருட்டு என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பவும் மாட்டேன். சொல் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் கூர்மையாகத் தெரிகிறது. அவதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பத்து, இன்னும் ஒன்று பாக்கி. அவர்களுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வேடம் கலைந்து போகாத மனிதன். சென்னை மேயராகவும் இருந்த சக்கரைச் செட்டியார், கிறிஸ்தவரான பிறகு, இயேசுவை அவதாரம் என்றே ஒரு புத்தகம் எழுதினார். அவரும் அந்த அவதாரம் முடிந்துபோவதில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. மறுபிறப்பும் அப்படித்தான். நொபிலி புனர்ஜென்ம ஆட்சேபம் என்று தனி நூலே எழுதினார். உயிர் வேறு உடலுக்குப் போகும் என்கிறோம் நாம். இதே உடல் எழும்பும் என்கிறார்கள் அவர்கள். அதற்குப் பழைய சொல் உத்தானம். நாம் பெரும்பாலும் எரிப்பதும் அவர்கள் புதைப்பதும் சும்மா வந்த வழக்கம் இல்லை.

கடைசியாக, அந்த வாசகத்தில் மிகக் கடினமான தொடர் ஒன்று. பழைய புத்தகங்களில் "சமுதீதப் பிரயோசனம்" என்று இருக்கும். பாட்டிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், அர்த்தம் கேட்டால் சிரிப்பார்கள். புனிதர்களின் சமூக உறவு என்று இப்போது எளிதாக்கிவிட்டார்கள். விசுவசிக்கிறவர்கள் எல்லோரும், இருப்பவரும் இறந்தவரும், ஒரே உடல் என்பது பொருள். சொல் எளிதாகிவிட்டது. நம் மாவட்டத்து ஏறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள், ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் மோதல் வந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இதைப் படித்துவிட்டு நம் குழுவில் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். நம் தேர் எந்தத் தெருவுக்குள் திரும்பாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பாட்டி சருவேசுரா என்று கூப்பிடுவதும், உன் மனைவி தேவனே என்பதும், திருவிவிலியம் கடவுள் என்பதும் ஒரே வாசகத்தின் மூன்று தமிழ். உன் மகளுக்கு மூன்றையும் சொல்லிக்கொடு, பாட்டியைப் போய் முதலில் சாப்பிடச் சொல்.

ஒரு வேண்டுகோள். உங்களில் வேதக்காரர் வீடுகள் நிறைய உண்டு. இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சியசிஷ்ட, பிரியதத்த மந்திரம் என்றெல்லாம் இருக்கும் பழைய செபப் புத்தகங்கள் பரணில் கிடக்கும். அட்டை கிழிந்திருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். முதல் பக்கத்தையும், அச்சிட்ட ஊரும் வருடமும் இருக்கும் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்களை அஞ்ஞானிகள் என்று திட்டியிருக்கும் பக்கத்தையும் தாராளமாக அனுப்பலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.